வேண்டுதல் இல்லாத முடி

குணசீலன் வாசலில் குனிந்து நிற்கிறார். தலைமுடி முழுவதும் முன்னால் தொங்கி முகத்தை மறைத்திருக்கிறது. கையில் துண்டு இல்லை. கழுத்து கிழிந்த பழைய பனியன் ஒன்றுதான் இருக்கிறது. அதில் முடியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏந்தி, கீழிருந்து மேலாக அள்ளிப் பிழிகிறார். துவட்டுவதில்லை, தேய்ப்பதில்லை. அந்தப் பக்கம் பால் ஊற்ற வருகிறவர் வண்டியை மெதுவாக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போகிறார்.

திருச்செங்கோட்டில் எங்களுக்கு எதிர்வீடு அவருடையது. துண்டு என்ன பாவம் செய்தது என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

“துண்டு ஆவாதுங்கக்கா. தேச்சா சுருட்டை அத்தனையும் பிரிஞ்சு பஞ்சு மூட்டையாட்டம் ஆயிருமுங்க. பனியன் துணி தண்ணிய மட்டும் குடிச்சுக்கும். முடிய ஒண்ணும் பண்ணாதுங்க.”

முப்பத்திரண்டு வயது. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லர். வருடத்தில் பெரும்பகுதி ஆந்திரா, சத்தீஸ்கர் என்று வண்டியோடு போய்விடுவார். மழை பிடித்துக்கொண்டால் ஊருக்கு வருவார். அகன்ற தோள்கள், கிரீஸ் கறை போகாத நகங்கள், இரண்டு தெருவுக்குக் கேட்கிற குரல். இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று பேசிப் பழகியதால் வீட்டில் உப்புக் கேட்டாலும் உரக்கத்தான் கேட்பார். முடி ஈரமாக இருக்கும்போது தோளைத் தொடும். காய்ந்தால் சுருண்டு காதுவரை ஏறிவிடும். ஒவ்வொரு சுருளும் தனித்தனியாகத் தெரியும். கறுப்பில் லேசான பளபளப்பு.

இப்படி ஒரு முடி தமக்கு இருக்கிறது என்பதே இருபத்தேழு வயதுவரை அவருக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார் விரலில் முடி அகப்பட்டால் வெளியே நிற்கவேண்டும். வீட்டில் அம்மா சௌந்திரம் அதைவிடக் கண்டிப்பு. மாதம் பிறந்தால் கையைப் பிடித்து சலூனில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவார். “ஒட்ட வெட்டுங்க, இவனுக்குப் பரட்டை” என்பதுதான் அவர் சொல்லும் அளவு. வேலைக்குப் போன பிறகும் அந்த அளவு மாறவில்லை.

கொரோனா காலத்தில் ரிக் வண்டி சத்தீஸ்கரில் ஒரு கிராமத்து எல்லையில் நின்றுவிட்டது. வேலையும் இல்லை, ஊருக்கு வழியும் இல்லை, சலூனும் இல்லை. முடி அதுபாட்டுக்கு வளர்ந்தது. ஒரு காலைப்பொழுதில் பல் விளக்கிக்கொண்டே லாரியின் பக்கக் கண்ணாடியில் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டாராம்.

“யாரோ ஒருத்தன் நிக்கறானாட்டம் இருந்துச்சுங்க. நல்லாவும் இருந்தானுங்க” என்று சொல்லிவிட்டு, வெட்கப்படாமல் சிரித்தார்.

ஊர் திரும்பிய மறுநாளே அம்மா சலூனுக்குக் கூட்டிப்போய்விட்டார். வெட்டி முடித்துக் கண்ணாடியைக் காட்டியபோது, தம்மிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டதுபோல இருந்ததாகக் குணசீலன் சொன்னார். அடுத்த முறை வண்டியேறியவர், கத்திரிக்குத் தலையைக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டே ஏறினார்.

வளர்ப்பது என்று முடிவெடுத்தால் போதாது, முடி ஒத்துழைக்கவேண்டும். காதுக்கும் கழுத்துக்கும் நடுவில் இருக்கிற பருவத்தில் அது எந்தப் பக்கமும் படியவில்லை. போர் போடும்போது பறக்கிற கல் தூசி வேறு. அம்மா கொடுத்தனுப்பிய தேங்காய் எண்ணெயைத் தடவினார். “எண்ணெயும் போர்த் தூசியும் சேந்தா சிமெண்டுங்க” என்கிறார். ஷாம்பு போட்டால் முடி வைக்கோலாகிறது. சிக்கெடுக்கச் சீப்பைப் போட்டால் சீப்பின் பல்தான் உடைந்தது. பிறகு கைபேசியில் தேடத் தொடங்கினார். எந்தெந்த நாட்டுக்காரர்களோ தங்கள் சுருட்டை முடியை என்னென்னவோ செய்துகொண்டிருந்தார்கள். இவர் வண்டியின் சமையற்கட்டில் கிடைத்ததைக் கொண்டு ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார்.

முதலில் முட்டை. உடைத்துத் தலையில் ஊற்றி ஊறவைத்தார். மார்கழிக் குளிர் என்பதால் வெந்நீரை எடுத்து ஊற்றினார். முட்டை முடிக்குள்ளேயே வெந்துவிட்டது. வண்டியின் சமையல்காரர் காளியப்பன், இவர் தலையில் ஒட்டியிருந்ததை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: “ஆம்லெட்டுன்னு முன்னாலயே சொல்லியிருந்தா வெங்காயம் அரிஞ்சு போட்டிருப்பனல்ல சாமி.”

வெண்டைக்காயை வேகவைத்து அந்த வழவழப்பைத் தடவினார். முடி நன்றாகத்தான் இருந்தது, ஈக்கள்தான் போகவில்லை. அடுத்தது ஜவ்வரிசி. நம் சேலம் பக்கத்துச் சரக்கு, நம்மைக் கைவிடாது என்று கஞ்சியாகக் காய்ச்சி வடிகட்டிப் பூசினார். காயும்வரை எல்லாம் அழகு. காய்ந்ததும் கம்பியாக நின்றது. தலையை ஆட்டினால் சட்டை முழுக்க மாவு உதிர்ந்தது. கடைசியில் ஆளிவிதை கைகொடுத்தது. தண்ணீரில் கொதிக்கவிட்டு, வேட்டித் துணியில் சூட்டோடு பிழிந்தால் முட்டை வெள்ளைபோல ஒரு கூழ் வரும். ஈரத் தலையில் அதைப் பூசி, பனியனால் அள்ளிப் பிழிந்து காயவிட்டால் சுருள் கலைவதில்லை. அதைக் கண்டுபிடித்த அன்று வண்டியில் எல்லாருக்கும் பாயசம். ஜவ்வரிசி மீதமிருந்தது.

வேலையிடத்தில் சிக்கல் வேறு மாதிரி வந்தது. வண்டி முதலாளி சிவக்குமார் ஒருமுறை தளத்துக்கு வந்து பார்த்தார். இரும்பு ராடு சுற்றிக்கொண்டிருக்கிறது, அதன் அருகில் குணசீலன், ஹெல்மெட்டுக்கு வெளியே காற்றில் பறக்கும் முடி. இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். சுற்றுகிற ராடில் ஒருவனின் சட்டைக் கை சிக்கியதைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

“ஏப்பா குணா, உன்ற முடி உனக்கு அழகாத்தான் இருக்குது. இந்த ராடுக்கு அது தெரியாது. வெட்டிப்போட்டு வா, இல்லீன்னா எறங்கிக்க.”

முதலாளி சொல்வது சரி என்று குணசீலனுக்கே தெரியும். இறங்கி வண்டியின் பின்னால் போய் உட்கார்ந்தார். நைலான் கயிற்றை வைத்துச் சடை பின்னப் பழகியிருந்தார். முன்தலையைத் தாமே பின்னிக்கொண்டார். கைக்கு எட்டாத பின்தலையைக் காளியப்பனிடம் கொடுத்தார். அவர் வெங்காயம் அரிந்த கையோடு, சொல்லச் சொல்லப் பின்னினார். உச்சியிலிருந்து பிடரிவரை தலையோடு ஒட்டிய வரிசைச் சடைகள். நுனிகளை மடித்துக் கட்டி, மேலே துணி சுற்றி, அதன்மேல் ஹெல்மெட். மாலையில் முதலாளியின் முன்னால் போய் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைக் குனிந்தார்.

“இழுத்துப் பாருங்கண்ணா.”

சிவக்குமார் நிஜமாகவே இழுத்துப் பார்த்தார். ஒரு முடிகூடக் கையோடு வரவில்லை. “ஒண்ணே ஒண்ணு வெளிய தெரிஞ்சாலும் கத்திரியோட நானே வாரேன்” என்றார். இதுவரை வரவில்லை.

வேலை நேரத்தில் சடை, ஊரில் இருக்கும்போது அவிழ்த்த சுருள், கோயிலுக்கு உச்சியில் ஒரு கொண்டை, பேருந்துப் பயணத்துக்கு நெற்றியை ஏற்றிக் கட்டிய துணிப் பட்டை என்று இப்போது அவருக்குப் பல கோலங்கள். ஆழ்துளையில் தண்ணீர் கிடைத்துப் பீறிட்டு அடிக்கும்போது, சேறு போய்த் தெளியும்வரை காத்திருந்து, இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஒரு குடம் பிடித்துத் தலையில் ஊற்றிக்கொள்வது அவருக்குப் பழக்கம். “நெம்ப உப்புத் தண்ணிங்க” என்றோ, “இந்தத் தண்ணிக்கு ஷாம்பே வேண்டாமுங்க” என்றோ சொல்வார். தண்ணீர் எப்படி என்று தோட்டத்துச் சொந்தக்காரர்கள் அவர் முகத்தைத்தான் முதலில் பார்ப்பார்களாம்.

இதெல்லாம் வெளியூரில். உள்ளூரில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கத்தில் காடு தோட்டம் இருந்தும் பெண் கிடைக்காமல் நிற்கிற பையன்கள் அதிகம். அதிலும் ரிக் வண்டி வேலை என்றாலே, எட்டு மாதம் ஊரில் இருக்கமாட்டான் என்று ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஒட்ட வெட்டிய தலையோடு இருந்த காலத்திலேயே பல இடங்கள் தட்டிப்போயிருந்தன. இப்போது பார்க்கிறவர்கள் படத்தைப் பார்த்தவுடனே வேண்டாம் என்றார்கள். சௌந்திரம் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறார்.

“நானு செத்தா கொள்ளி வெக்கறப்பவாச்சும் மொட்டை அடிப்பானல்ல, அது போதும் போ” என்பார்.

போன வருடம் நாமகிரிப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஓர் இடம் வந்தது. பெண் பிரவீனா, ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. கொண்டுவந்தவர் தரகர் மோகன்குமார். கிளம்புவதற்கு முந்தைய நாள் அம்மா சலூன்காரரை வீட்டுக்கே வரவழைத்துவிட்டார். நாற்காலி போட்டாயிற்று. தோளில் துணியும் போர்த்தியாயிற்று. குணசீலன் துணியை எடுத்து மடித்துச் சலூன்காரர் கையில் கொடுத்தார்.

“மொட்டையாப் போயி உக்காந்தாலும் நானு ரிக்கு வண்டிக்காரன்தானுங்கம்மா. அது புடிக்கலீன்னா இது எதுக்கு?”

மோகன்குமார் விவரமானவர். அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். “யாராச்சும் கேட்டா வேண்டுதல்னு சொல்லிருங்க தம்பி. மலைக்கு முடி குடுக்கறதா நேந்திருக்குதுன்னா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. மிச்சத்தப் பொறகு பாத்துக்கலாம்.” அம்மாவுக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. குணசீலன் பதில் சொல்லவில்லை. அதை எல்லாரும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

நான் அங்கே இல்லை. சௌந்திரம் அம்மா சொன்னதை வைத்துச் சொல்கிறேன். குணசீலன் தலைக்குக் குளித்து, கூழ் பூசி, சுருள் சுருளாக வந்து உட்கார்ந்திருக்கிறார். காபி வந்தது. பேச்சு வரவில்லை. எல்லார் கண்ணும் ஒரே இடத்தில். கடைசியில் பெண்ணின் தாய்மாமன் தொண்டையைச் செருமிக்கொண்டு, மரியாதையாகவே கேட்டார்.

“ஏனுங்க மாப்பளை, சாமிக்கு வேண்டுதலுங்களா?”

மோகன்குமார் வேகமாகத் தலையாட்டத் தொடங்கிவிட்டார். அம்மா மகனின் முழங்காலைத் தொட்டார். ஒரே ஒரு ‘ஆமாங்க’ போதும்.

“இல்லீங்க” என்றார் குணசீலன், அந்த இரண்டு தெருவுக்குக் கேட்கிற குரலில். “வேண்டுதலெல்லாம் ஒண்ணுமில்லீங்க. என்ற முடி இப்பிடித்தான் வளருமுங்க. எனக்கு நெம்பப் புடிச்சிருக்குதுங்க.”

தாய்மாமன் காபியைப் பார்த்தார். பெண்ணின் அப்பா மின்விசிறியைப் பார்த்தார். வெளியே வந்து காரில் ஏறிய அம்மா ராசிபுரம் தாண்டும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு பேசியதை எழுதமுடியாது.

ஒரு வாரம் எந்தத் தகவலும் இல்லை. குணசீலன் மறுபடி வண்டிக்குக் கிளம்பத் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“பிரவீனா பேசறனுங்க. மோகன்குமாருகிட்ட நெம்பர் வாங்குனேன். ஒரு வெசயம் கேக்கோணும்.”

“கேளுங்க.”

“அன்னிக்கு எங்க மாமனே உங்களுக்கு வழி எடுத்துக் குடுத்தாருங்களே. ஆமாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேலை முடிஞ்சுதல்ல. ஏனுங்க சொல்லலை?”

“சொன்னா பொறகு மலைக்குப் போயி மொட்டை போடோணுமுங்களே.”

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. பிறகு அவர் சொன்னாராம்: “இதுக்கு முன்ன வந்தவிங்க அத்தனை பேரும் மாமன் என்ன கேட்டாலும் ஆமாங்கன்னாங்க. இல்லீங்கன்ன மொத ஆளு நீங்கதான். நானு எங்க ஊட்டுல சரின்னு சொல்லப்போறேன். நீங்க என்ன சொல்றீங்க?”

இரண்டு தெருவுக்குக் கேட்கிற அந்தக் குரல் அன்று எழும்பவே இல்லை. “சரிங்க” என்றது தமக்கே கேட்கவில்லை என்கிறார்.

பெண் வீட்டில் உடனே ஒப்பிவிடவில்லை. தாய்மாமன் திருச்செங்கோட்டுக்கே வந்து ரிக் வண்டிக்காரர்களிடம் விசாரித்தார். முதலாளி சிவக்குமாரையும் பார்த்தார். “தலையத் தவர வேற கொறை சொல்ல ஒண்ணுமில்லீங்க. அந்தத் தலையிலயும் நானு இழுத்துப் பாத்துட்டனுங்க” என்றாராம் சிவக்குமார். அதன் பிறகுதான் தட்டு மாற்றினார்கள்.

கல்யாணம் திருச்செங்கோட்டிலேயே ஒரு மண்டபத்தில். அதிகாலையில் பந்தி அடுப்புகளுக்கு நடுவே ஒரு சின்ன அடுப்பைக் கேட்டு வாங்கி, காளியப்பன் ஆளிவிதை காய்ச்சிக்கொண்டிருந்தார். முகூர்த்தத்துக்கு முன் மாப்பிள்ளைக்குத் தலைப்பாகையாக உருமால் கட்டவேண்டும். உறவில் மூத்த ஒருவர் கட்டினார். முடி துணியை மேலே தள்ளியது. தலையில் பூசணிக்காய் வைத்ததுபோல நின்றது. சனம் சிரித்தது, குணசீலனும் சிரித்தார். பெரியவர் அவிழ்த்து, இரண்டு கைகளாலும் சுருள்களை அழுத்தி உள்ளே திணித்து, இறுக்கிக் கட்டினார். ஒரு முடி வெளியே தெரியவில்லை.

“இப்பத்தான் நீட்டா இருக்குதுங்க” என்று படம் எடுக்கிறவர் கேமராவைத் தூக்கினார்.

“கொஞ்சம் இருங்க சாமி” என்று ஒரு குரல். பட்டுச்சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சௌந்திரம் அம்மா மேடையேறி வந்தார். மகனின் எதிரில் நின்று ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு உருமாலின் ஓரத்துக்குள் விரலை விட்டுத் துழாவி, ஒரு சுருளை வெளியே இழுத்து, விரலில் ஒரு சுற்றுச் சுற்றி, நெற்றியில் விழும்படி விட்டார். அது ஆடி நின்றதும் இன்னொன்றை இழுத்தார்.