படிக்கட்டில் ஒன்றரை அடி

பாஞ்சாலி போராடி ஜெயித்தவை மூன்று. கார்ப்பரேஷனில் தெரு கூட்டும் வேலை நிரந்தரமானது. குடிக்கிற புருஷனிடமிருந்து வீட்டுச் சாவி அவள் இடுப்புக்கு வந்தது. மூன்றாவது, ஸ்ரீராம்புரத்தில் அவர்கள் சந்து இருந்த இடத்தில் இன்று நிற்கும் நான்கு மாடிக் கட்டடத்தின் படிக்கட்டில் கூடுதலாக ஒன்றரை அடி அகலம். முதல் இரண்டையும் குடும்பம்தான் அறியும். மூன்றாவதில் சந்தே ஏறி இறங்குகிறது. அதில் பாதிப் பேர் அன்று அவளைத் திட்டியவர்கள்.

1999 பிப்ரவரியில், தகரக் கூரைகளை இடித்துவிட்டு மாடி வீடு கட்டித் தருவதாக அரசாங்கம் சொன்னது. மார்ச் முடிவதற்குள் ப்ளானுக்குச் சம்மதம் போகாவிட்டால் பணம் வேறு ஊருக்குப் போய்விடும். மழை பெய்தால் சாக்கடை கட்டில் காலைத் தொடும் வீடு பாஞ்சாலியுடையது. மாடி வீடு அவளுக்கு வேண்டும்.

மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டத்தை, மக்கள் வேலைக்குப் போயிருக்கும் காலை நேரமாகப் பார்த்து வைத்தார்கள். ஷாமியானா போட்டு, ஆளுக்கு இரண்டு போண்டா கொடுத்தார்கள். இன்ஜினியர் சுனில் முன்வரிசைக்கே தெரியாத ப்ளானைக் கம்பத்தில் மாட்டி, இங்கிலீஷில் விளக்கினார். யாரும் தேர்ந்தெடுக்காத சந்துத் தலைவர் கோவிந்தப்பா, வெள்ளை ஷூவில் அழுக்குப் படாமல் எழுந்து, அதைக் கன்னடம் கலந்த தமிழில் சுருக்கினார்.

“நல்ல வூடு. பேகா பேகா, சீக்கிரம் கையைத் தூக்குங்க!”

போண்டா இல்லாத கைகள் எழுந்தன. மக்களைக் கேட்டாகிவிட்டது.

அப்போதுதான் பாஞ்சாலி துடைப்பத்தோடு வேலையிலிருந்து வந்து நின்றாள்.

“சார், எனக்குப் படம் பாக்கத் தெரியாது. தரையில நெஜ அளவுல போட்டுக் காட்டுங்க.”

“டைம் இல்லம்மா.”

“கோலமாவு நான் தரேன். அளவ மட்டும் சொல்லுங்க.”

அவளுடைய அக்கா ரத்தினம்மாள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். “கம்முனு இருடி. கெடைக்கறதயும் கெடுத்துடாத.”

சுனில் பிச்சை போடுவதுபோல அளவுகளைச் சொன்னார். ஹால், சமையலறை, கக்கூஸ் என்று பாஞ்சாலி மாவில் கோடு இழுத்தாள். கடைசியில் படிக்கட்டும் அதன் திருப்பமும் வந்தன. அங்கே அவள் கை நின்றது.

“அக்கா, உன் கயித்துக் கட்டிலக் கொண்டா. நாலாவது மாடியில சாவு வுழுந்தா எப்படி எறக்கறதுன்னு பாப்போம். லீடரண்ணா, நீங்க படுங்க. சந்துக்காக உசுரயே தரேன்னு மைக்குல சொன்னீங்களே!”

கூட்டம் சிரித்த சிரிப்பில் கோவிந்தப்பாவால் மறுக்க முடியவில்லை. ஷூவோடு படுத்தார். நான்கு பேர் தூக்கினார்கள். திருப்பத்தில் கட்டில் திரும்பவில்லை. தூக்கியவர்கள் சுவரை, அதாவது மாவுக் கோட்டை, மிதித்துக்கொண்டு வெளியே போனார்கள். மறுபடி முயன்றார்கள். கட்டில் சாய்ந்தது.

“டேய், வுழுந்துடப் போறேன்டா!”

“பொணம் பேசுது பாருங்கடி!” என்றாள் ஒருத்தி.

சுனில் எரிச்சலோடு சொன்னார்: “பாடிய உக்கார வெச்சு எறக்கலாமே.”

இவ்வளவு படித்த வாயிலிருந்து வந்த யோசனை அது. சிரிப்பு நின்றது. போன வருஷம் மாலையும் மேளமுமாகப் புருஷனை அனுப்பிவைத்த ரத்தினம்மாள், போண்டாவைக் கீழே போட்டாள்.

“மூட்டையாட்டம் எறக்குவியா? உங்க அப்பாவ அப்படித்தான் எறக்கினியா?”

கட்டிலில் இருந்து கோவிந்தப்பா கத்தினார். “எல்லாம் இவளால! ப்ளான மாத்த ஒரு வருசம் ஆவும். வூடு போச்சு!”

பாதிக் கூட்டம் பாஞ்சாலியைத் திட்டத் தொடங்கியது. சாக்கடைத் தண்ணீரில் இன்னும் எத்தனை மழை என்று ஒருத்தி அழுதாள். பாஞ்சாலிக்கும் அதே பயம்தான். அவள் மாவை அள்ளி, படிக்கட்டின் இருபுறமும் புதிதாகக் கோடு போட்டாள்.

“ரெண்டு பக்கத்து ஹால்லயும் முக்கால் முக்கால் அடி எடுத்துக்குங்க சார். நாங்க தரோம். ரெண்டு கோட்ட நவுத்தறதுக்கு எதுக்கு வருசம்?”

சுனில் ப்ளானைக் கம்பத்திலிருந்து கழற்றி, புதுக் கோடுகளை அதில் குறித்துக்கொண்டார். இந்த முறை போண்டாவைக் கீழே வைத்துவிட்டுக் கை தூக்கினார்கள்.

ஒரு வருஷ வேலை மூன்று வாரத்தில் முடிந்து வந்தது. அந்தப் புது ப்ளானையும் தரையில் போடவைத்து, கட்டில் திரும்புவதைப் பார்த்த பிறகே பாஞ்சாலி தலையசைத்தாள். குடியிருப்போர் சார்பில் ஒருவர் கையெழுத்திட வேண்டும் என்றார்கள். கோவிந்தப்பா பேனாவைத் திறந்தார்.

“மூடுங்க லீடரே, மசி காஞ்சிடப் போவுது. என் தங்கச்சி போடுவா,” என்றாள் ரத்தினம்மாள்.

“கைநாட்டுக்காரியா?” என்றார் கோவிந்தப்பா.

சம்பளத்துக்கு விரல் உருட்டியே பழகிய பாஞ்சாலி, அந்த மூன்று வாரமும் ரேஷன் கார்டில் தன் பெயர் இருந்த கன்னட எழுத்துகளைப் பார்த்து எழுதிப் பழகியிருந்தாள். அவள் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டது 1999 மார்ச் 26, வெள்ளிக்கிழமை.