கடைசி வரிக்கு முன்னே

லிஃப்ட்டின் கதவு மூடுவதற்குள் பிரேக் மாஸ்டர் ஆரம்பித்துவிடுகிறார். "நேத்து பல் டாக்டர்கிட்ட போயிருந்தேனா..." உள்ளே நிற்பவர் பக்கத்து வீட்டுக்காரரா, பார்சல் கொண்டுவந்தவரா என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. தன் வீடு இருக்கும் ஐந்தாவது மாடி வருவதற்குள் ஜோக் முடிய வேண்டும், கேட்டவர் சிரிக்க வேண்டும். அப்படி முடிந்தால்தான், அவர் ஜோக் சொல்லிப் பிழைக்கும் மேடைக்கு அது போகும். முடியாதது "இழுவை". அங்கேயே தள்ளுபடி. இரண்டாவது மாடி மருந்துக்கடைக்காரர்தான் பாவம், வருஷக்கணக்காகப் பாதி ஜோக்கோடு வீட்டுக்குள் போகிறவர். "மீதியச் சொல்லிட்டுப் போங்க மாஸ்டர்" என்று ஒருநாள் கதவைக் கையால் தடுத்தே நின்றுவிட்டார். "மீதி வேணும்னா மேல வாங்க" என்றார் இவர்.

மேடைக்கு வருவதற்கு முன்னால் அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்குமே, அதை மிதித்து மிதித்தே பழகிய கால் அவருடையது. யார் வண்டியில் ஏறினாலும் இன்றும் அந்தக் கால் சும்மா இருக்காது. "பின்னாடி உக்காந்துக்கிட்டு என் ஸ்கூட்டர உதைக்காதீங்க" என்று மனைவி திட்டாத நாள் இல்லை. மேடையிலும் அதே கதை. பேச்சு தலைதெறிக்க ஓடினால் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். கூட்டம் அதற்கே சிரிக்கும். பட்டப்பெயர் வந்தது அப்படித்தான். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நடந்துகொண்டே இருப்பார்.

மேடைச் சட்டையைத் தானேதான் இஸ்திரி போடுவார். அதுவும் முன்பக்கம் மட்டும். "முதுகப் பாத்து எவன் சிரிக்கப்போறான்?" எடுபடாத ஜோக்கை "வண்டி ஆஃப் ஆயிடுச்சு" என்பார். அன்று வீட்டில் யாரும் அவரிடம் பேச்சுக் கொடுப்பதில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துத் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருப்பார்.

சமீபத்தில் ஒரு நிறுவனம் அவரை வைத்து முழுநீள நிகழ்ச்சி ஒன்றைப் படம்பிடிக்க வந்தது. இயக்குநர் அவர் மகள் வயதுப் பெண். "சார், உங்க முதல் மேடையில சொன்ன ஜோக்குகளையே மறுபடியும் சொல்லணும். அதுதான் இதுல விசேஷம்" என்றாள். மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. "அதெல்லாம் வைரம்மா! அன்னிக்கு அந்த இடமே அதிர்ந்துச்சு" என்று மார்தட்டிக்கொண்டார்.

ஒத்திகையில் வைரத்தை எடுத்துக் காட்டினார். "ஒரு அம்மாவ ரிவர்ஸ் எடுக்கச் சொன்னேன். கியரப் போட்டாங்க. போட்டுட்டு ரெண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கிட்டாங்க. 'ஏம்மா கண்ண மூடறீங்க?'ன்னு கேட்டேன். 'பின்னாடி போறதுக்கு, முன்னாடி இருக்கற கண்ணு எதுக்கு மாஸ்டர்?'னாங்க."

கேமராக்காரர் லென்ஸைத் துடைத்தார். இயக்குநர் பேனா மூடியைக் கடித்தாள். முகத்தில் பவுடர் போட நின்றிருந்த பெண், "முடிஞ்சுடுச்சா சார்? ஒத்தி விடட்டுமா?" என்று நல்லவிதமாகத்தான் கேட்டாள். மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. வேகத்தைக் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார், அந்த அம்மாவின் குரலிலேயே சொல்லிப் பார்த்தார். ஒன்றும் நகரவில்லை. "இந்தப் பகுதிய வேணும்னா விட்டுடலாம் சார்" என்றாள் இயக்குநர் மெதுவாக. தன் முதல் ஜோக்கை விட்டுவிடுவதா? அன்று அவ்வளவு பேர் சிரித்தது பொய்யா? மறுநாள் காலை, அந்த முதல் மேடையை நேரில் பார்த்திருந்த அக்காவின் வீட்டுக்கு நேராகப் போய் நின்றார்.

அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊசி போடும்போது நோயாளி கத்துவதற்கு முன்பே "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்று சொல்லிப் பழகிய வாய். சமையலறை மேசையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். தம்பி வந்த வேகத்தில் உட்காரக்கூட இல்லை. ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நின்று ஆரம்பித்துவிட்டார்.

"கியரப் போட்டாங்க. போட்டுட்டு ரெண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கிட்டாங்க..."

அக்கா வாய்விட்டுச் சிரித்தார்.

"இன்னும் கடைசி வரியே வரலக்கா!"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு சிரிச்ச?"

"பழக்கம்டா." ஒரு பட்டாணி உருண்டு ஓடியது. அதைப் பிடித்துக் கிண்ணத்தில் போட்டார். "அன்னிக்கும் இந்த இடத்துலதான் சிரிச்சேன். நீ தண்ணி குடிக்கறேன்னு தம்ளர எடுத்தியா, தண்ணி வாய்க்குப் போகாம சட்டையெல்லாம் நனைஞ்சிடுச்சு. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. அழுதா நீ பாத்துடுவே. அதான் சிரிச்சுட்டேன். நான் சிரிச்சதும் பக்கத்துல இருந்த முடிவெட்டறவர் சிரிச்சாரு. அவரப் பாத்து மத்தவங்க சிரிச்சாங்க."

"அப்ப ஜோக்குக்கு யாருமே சிரிக்கலயா?"

"ஜோக்கு எங்கடா காதுல விழுந்துச்சு? நீதான் கடைசி வரிய முழுங்கிட்டியே."

மாஸ்டர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பேக்கரி மாடியில் பலகை போட்ட அந்த மேடை கண்ணுக்குள் வந்தது. கீழேயிருந்து ரொட்டி வேகும் சூடு ஏறிக்கொண்டிருந்தது. எதிரே இருந்தவர்கள் அத்தனை பேரும் அவரிடம் கார் கற்றுக்கொண்டவர்கள். முடிவெட்டுபவர், கடிகாரக்கடைக்காரரும் மனைவியும், லைசென்ஸ் பரீட்சையில் போகும்போதெல்லாம் தோற்றுவிட்டு "அடுத்த தடவ பாத்துக்கலாம் மாஸ்டர்" என்று இவருக்கே ஆறுதல் சொல்லும் டீச்சர். "போஸ்டரப் பாத்து வந்தாங்கன்னுல்ல நினைச்சேன்" என்றார்.

"போஸ்டரப் பாத்து ஒரு ஈ காக்கா வரலடா. டிரைவிங் ஸ்கூல் வாசல்ல நின்னு நான்தான் ஒவ்வொருத்தரையா கூப்பிட்டேன்."

"என்ன சொல்லிக் கூப்பிட்ட?"

"'எங்க தம்பி தினமும் பிரேக்கப் போட்டு உங்க உசுரக் காப்பாத்தறான். ஒரே ஒரு நாள் வந்து நீங்க அவன் மானத்தக் காப்பாத்துங்க'ன்னேன்."

அவருக்குக் கோபம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை காலம் தன் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் சுமந்து திரிந்தது, யார் யாரோ கொடுத்த கொடை என்று தெரிந்தபோது தோளிலிருந்து பாரம் இறங்கியதுபோல் இருந்தது. அந்தச் சிரிப்பை நம்பித்தானே அடுத்த வாரமும் மேடை ஏறினார்? "ஜோக்கு நல்லால்ல அக்கா. ஜனங்க நல்லா இருந்திருக்காங்க" என்றார். "அதத்தான் நானும் சொல்றேன். பட்டாணிய உரி" என்று ஒரு கைப்பிடியை அவர் பக்கம் தள்ளினார் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் படப்பிடிப்பு. அரங்கு நிறைந்திருந்தது. அக்கா முன்வரிசையில், மடியில் கைப்பையோடு. மாஸ்டர் வழக்கமான ஜோக்குகளால் கூட்டத்தைச் சூடேற்றிவிட்டு, நடுவில் நின்றார். "இப்ப ஒரு மோசமான ஜோக்கு சொல்லப்போறேன். இத நம்பி யாரும் ஏமாந்துடாதீங்க" என்று தொடங்கி, பேக்கரி மாடியைச் சொன்னார். நனைந்த சட்டையையும், கடைசி வரி வருவதற்கு முன்பே அக்கா சிரித்ததையும் சொன்னார். டீச்சர், முடிவெட்டுபவர், கடிகாரக்கடைக்காரர் என்று ஒவ்வொருவராக எதிரே உட்காரவைத்தார். டிரைவிங் ஸ்கூல் வாசலில் அக்கா சொன்னதை அக்காவின் குரலிலேயே சொன்னபோது அரங்கு குலுங்கியது. ஒத்திகையில் பேனா மூடியைக் கடித்த இயக்குநர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சரி, அந்த ஜோக்கு இதுதான்" என்றார். "ஒரு அம்மாவ ரிவர்ஸ் எடுக்கச் சொன்னேன். கியரப் போட்டாங்க. போட்டுட்டு ரெண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கிட்டாங்க..."

பின்வரிசையில் யாரோ ஒருவர் சிரித்தார். பக்கத்தில் இருந்தவருக்குப் புரிந்துவிட்டது, அவரும் சிரித்தார். அடுத்த வரிசை, அதற்கடுத்த வரிசை என்று அது முன்னால் பரவிக்கொண்டே வந்தது. கடைசி வரியைக் கேட்காமலேயே அரங்கம் முழுக்கச் சிரித்தது, கைதட்டியது, எழுந்து நின்றது. மாஸ்டர் இரண்டு முறை வாயைத் திறந்தார். விடவில்லை அவர்கள். முன்வரிசையில் ஒருத்தர் மட்டும் சிரிக்கவில்லை. அக்கா, தம்பி பார்க்கிறானே என்றுகூட நினைக்காமல், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

விளக்குகள் போட்டதும் இயக்குநர் மேடைக்கு ஓடி வந்தாள். "சார், கடைசி வரி பதிவாகவே இல்ல. ஜனங்கள உக்காரவெச்சு இன்னொரு தடவ எடுத்துடலாமா?"

"வேணாம்மா. அத அவங்களே சொல்லிட்டாங்க."

அவள் மேலும் ஏதோ கேட்பதற்குள் படியிறங்கிப் போய்விட்டார். வெளியே போகும் கதவு ஸ்பிரிங் வைத்தது. தள்ளிக்கொண்டு போகிறவரின் பின்னால் வருகிறவர்மேல் பட்டென்று மோதும். சட்டையில் குத்திய மைக்கைக்கூடக் கழற்றாமல் போய், அந்தக் கதவை முதுகால் தள்ளிச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கடைசி ஆள் வெளியேறும்வரை அங்கேயே நின்றார்.