உம் கொட்டியவன்

கட்டடங்களைச் சோதிக்கும் வேலைக்கு எது முக்கியம் என்று கேட்டால், சேர்ந்த புதிதில் கை என்று சொல்லியிருப்பேன். மணலை அள்ளி இறுக்கிப் பிடித்துவிட்டுத் திறந்தால், உள்ளங்கையில் ஒட்டும் மண்ணிலேயே அதன் யோக்கியதை தெரிந்துவிடும். அப்புறம் காது. பில்லரைக் கம்பியால் தட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டால் உள்ளே பொள்ளல். டிப்ளமோவை முடித்துவிட்டு ஜவ்வாது மலைக்கு ஓவர்சியராக வந்த நாலு வருஷத்தில் இதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தே சுவரின் அரை அங்குலச் சாய்வைச் சொல்வேன். மேஸ்திரிகள் தூக்குக்குண்டை விட்டுப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிவார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சமா என்று என் மனைவி கேட்பாள்.

மலையில் அரசாங்கம் கட்டித்தரும் தொகுப்பு வீடுகள்தான் என் முக்கிய வேலை. கடைக்கால், லிண்டல், தளம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் நான் போய்ப் பார்த்து, படம் எடுத்து, சரி என்றால்தான் அடுத்தது நகரும். சாமை விதைத்துப் பிழைக்கும் ஒரு புருஷன் பெண்சாதிக்கு அந்த வருஷம் வீடு வந்தது. கடைக்கால் தோண்டிய அன்று அந்தப் பெண் பள்ளத்தில் இறங்கி நின்றுகொண்டு, "இதுதான் அடுப்படிங்களா சார்?" என்றாள்.

"அது செவுரும்மா. அடுப்படி அந்தாண்ட."

தன் பேச்சுக்குத் தானே விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்கு அந்த வீட்டில் அடுப்படி ஒன்றுதான் கணக்கு. ஜன்னல் எந்தப் பக்கம் வரும், புகை எப்படிப் போகும் என்று போகும்போதெல்லாம் கேட்பாள். நானும் சலிக்காமல் சொல்வேன். அவளிடம் மட்டும் எனக்குச் சலிப்பு வந்ததில்லை.

மேல்தளம் போட்ட அன்று இருவரையும் நிறுத்திவைத்து அழுத்தமாகச் சொன்னேன். "கீழ பதினாலு நாள்ல சென்ட்ரிங், தளத்தத் தாங்குற பலக முட்டெல்லாம் பிரிக்கலாம். மலைக் குளுருக்கு சிமெண்டு மெதுவாத்தான் எறுகும். இங்க இருபத்தொரு நாள். என்னக் கேக்காம ஒரு முட்டுல கூட கை வெக்கக் கூடாது, தெரிதா?" தெரிந்தது என்றார்கள்.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. போளூரில் என் வாடகை வீட்டில் உட்கார்ந்து துறைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் தேறினால்தான் உதவிப் பொறியாளர் பதவி. மலைக்கும் பள்ளத்துக்கும் பைக்கில் அலைந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஃபேனுக்கு அடியில் ஒரு நாற்காலி கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். காலை பத்து மணிக்கு அந்தப் பெண்ணின் புருஷன் போன் செய்தான். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு படிப்பைத் தொடர்ந்தேன்.

மலையில் சிக்னல் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. நாம் நடுநடுவே 'ம்' போடாவிட்டால் லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து, "சார், இருக்கிங்களா?" என்று கத்துவார்கள். அதனால் எனக்கு உம் கொட்டுவது பழகிப்போயிருந்தது. மழை பெய்ததைச் சொன்னான், ம் என்றேன். மாடு சினையானதைச் சொன்னான், ம் என்றேன்.

"வாடகைப் பலகைக்காரர் நாளிக்கி வண்டி அனுப்புறாராம் சார். சந்தவாசல்ல வேற வேல நிக்குதாம். பிரிச்சிடட்டுங்களா?"

"ம்."

"சரிங்க சார். வெச்சிடறங்க."

அந்தக் கேள்வி காதில் விழவே இல்லை என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். விழுந்தது. விழுந்த இடத்திலேயே கிடந்தது. கண் புத்தகத்தில் இருந்தது.

மறுநாள் மத்தியானம் முட்டுகளை எடுத்திருக்கிறார்கள். அவள் பலகைகளை ஒவ்வொன்றாக வெளியே சுமந்துகொண்டிருந்தாள். அடுப்படிப் பக்கத்துத் தளம் அப்படியே அவள் மேல் உட்கார்ந்துவிட்டது. போளூர் ஆஸ்பத்திரிக்கு இறக்குவதற்குள், வழியிலேயே, போய்விட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் அவன் சிமெண்ட் தூசியோடு நின்றிருந்தான். நான் பக்கத்தில் போகவில்லை. எனக்குத் தைரியம் இல்லை.

விசாரணைக்குப் பெரிய அதிகாரி வந்தார். அவனைக் கூப்பிட்டு, "பிரிக்கச் சொல்லி யார் சொன்னாங்க?" என்றார்.

"சாரக் கேட்டங்க."

"இன்னா சொன்னாரு?"

"ம்-னாருங்க."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "பிரின்னு சொன்னீங்களா?"

"பிரின்னு சொல்லல சார்" என்றேன்.

ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. அதைவிடப் பெரிய பொய்யை என் ஆயுளில் நான் சொன்னதில்லை. அவன் என்னைக் கோபமாகப் பார்ப்பான் என்று எதிர்பார்த்தேன். பார்க்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டான். அனுமதி இல்லாமல் பயனாளியே முட்டுகளை அகற்றியதால் விபத்து என்று அறிக்கையை என்னையே எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அதிகாரி கையெழுத்துப் போட்டார். அவனுக்கும் வாசித்துக் காட்டி, கைநாட்டு வாங்கினோம்.

தேர்வில் தேறினேன். பதவி வந்தது, ஃபேன் வந்தது, நாற்காலி வந்தது. வீட்டில் கேசரி செய்தார்கள். ஒரு வாய் வைத்தேன். இனிப்பு ஜாஸ்தி என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரைப் பார்க்க மலைக்குப் போனபோது அவன் வீட்டுக்கும் போனேன். நின்ற சுவர்களின் மேல் தகரம் போட்டுக் குடியிருந்தான். அடுப்பை வெளியே, மரத்தடியில் வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் துண்டால் கல்லைத் தட்டி உட்காரச் சொன்னான். நான் உட்காரவில்லை. வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன்.

"அன்னைக்கு போன்ல நான்தான் ம்னேன். கவனிக்காம சொல்லிட்டேன். அதிகாரிகிட்ட மறைச்சிட்டேன். உன் சம்சாரம் போனதுக்கு நான்தான் காரணம்."

அவன் அந்தக் கல்லில் தானே உட்கார்ந்துகொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"ஒம்போது நாளுதான ஆவுது, இன்னொரு வாட்டி போன் போட்டுக் கேளுன்னு அவ சொன்னா சார். நான்தான் போடல. சார் ஒருக்கா சொன்னத மறுக்கா கேட்டா மருவாதியா இருக்காதுன்னுட்டேன்."

"இல்லப்பா, தப்பு எம்மேலதான்" என்றேன். கையைக் கூப்பினேன்.

அவன் பதறி எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். என்னைத் தேற்றுகிறானாம்.

"அப்பிடிச் சொல்லாதிங்க சார். தப்பு எம்மேலதான். நீங்க எழுதி, பெரியவரு கையெழுத்து போட்ட காயிதத்துலயே அப்பிடித்தான இருக்குது."