கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை

ஊரார் வலிக்கெல்லாம் நாம் நின்று கால் கடுப்பதுதான் நர்ஸ் வேலை. வார்டில் நின்று நின்று கணுக்கால் வீங்கிய சகோதரிகளே, உங்களுக்கு நான் இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்த யுத்த காலத்தில், மிட்வைஃப் பரீட்சைக்குப் படித்து நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியின் பெயர் எதற்கு? அங்கே அடித்த பினாயில் நெடிதான் உங்கள் ஆஸ்பத்திரியிலும் அடிக்கும்.

நான் திருமயம் பக்கத்துக்காரி. கல்யாணமான மறு வருஷமே அவர் காய்ச்சலில் போய்விட்டார். எங்கள் வீட்டு வழக்கப்படி எனக்கு வெள்ளைச் சேலை கொடுத்து மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள். என் அண்ணன் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. எட்டாவது வரை படித்தவளை இப்படியா விட்டுவைப்பது என்று எல்லாரிடமும் சண்டை போட்டு, என்னை ட்ரெயினிங்கில் சேர்த்துவிட்டார். பெட்ரோல் பஞ்சத்தால் கரிப் புகையில் ஓடுகிற பஸ்ஸில் ஏறி, முகமெல்லாம் கரியாக வந்து சேர்ந்தேன். அன்றே யூனிபாரம் கொடுத்தார்கள். ஆசையாகப் பிரித்தேன். அடப் பாவிகளா, வெள்ளைச் சேலை! இதை உடுத்தவா இம்புட்டுத் தூரம் வந்தேன் என்று சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒரே ஒரு வித்தியாசம். இந்தச் சேலைக்கு முறுக்காகக் கஞ்சி போட வேண்டும்.

ஞானத்தின் துக்கம்

என்னோடு ஒரே அறையில் இருந்தவள் ஞானம். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். கல்யாணம் ஆகாதவள், சிரித்தால் ஓடு அதிரும். பொட்டு வைக்கமாட்டாள். வார்டுக்குள் வளையல் போடக்கூடாது என்பது சட்டம். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி, வெறும் கை. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கீரனூரிலிருந்து மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வந்த ஒரு அம்மாள், வாசலில் ஞானத்தைக் கண்டதுமே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த வயசுலயா தாயி!" என்று அவள் கன்னத்தைத் தடவினார். தடவிய கையோடு மகளை நாலடி தள்ளி நிறுத்திக்கொண்டார். பாவப்படுவது வேறு, பிரசவத்துக்குக் கிட்டே விடுவது வேறு.

வார்டு ஆயாதான் சமாதானம் சொன்னாள். "அட, இவுங்க எல்லாம் வேதக்காரங்க. பொட்டு வைக்க மாட்டாங்க, வெள்ளைதான் கட்டுவாங்க. எல்லாம் கன்னிப் பொண்ணுங்க." அந்த 'எல்லாம்' என்பதில் நானும் சேர்ந்துபோனேன். யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. என் கதை மேட்ரனுக்கும் ஞானத்துக்கும் மட்டும் தெரியும். தாலி அறுத்தவள் கை பட்டால் பச்சைப் பிள்ளைக்கு ஆகாது என்று ஊரே நம்பிய காலம் அது. வெளியே தெரிந்தால் எனக்குப் பிரசவ கேஸ் கிடைக்காது. இத்தனை கேஸ் பார்த்தாக வேண்டும் என்று கணக்கு உண்டு. அது குறைந்தால் பரீட்சை எழுத முடியாது. பரீட்சை இல்லையென்றால் திரும்பவும் அந்த மூலைதான். இதையெல்லாம் நினைத்து நான் உம்மென்று உட்கார்ந்திருந்தபோது, ஞானம் பாயைத் தட்டிப் போட்டபடி சொன்னாள்: "தாலி கட்டாமலே அறுத்தவ இந்த ஊர்லயே நான் ஒருத்திதான் காமாட்சி. அந்த மனுசன் கறுப்பா செவப்பான்னு கூடப் பாக்கக் குடுத்து வைக்கலியே!"

பொம்மைப் பிள்ளை

ஊசி போடப் பழகியது பரங்கிக்காயில். நாங்கள் குத்திய காயைத்தான் மறுநாள் சமையற்காரர் சாம்பாரில் போடுவார். எங்கள் கைவண்ணத்தால் அதில் பாதி தண்ணீராக இருக்கும். கட்டுப்போடப் பழகியது ஞானத்தின் தலையில். பிள்ளை பிடிக்கப் பழகியது ஒரு துணிப் பொம்மையில். உள்ளே உமி அடைத்து, முகத்தில் மையால் கண் வரைந்திருக்கும். எந்தப் புண்ணியவதி வரைந்தாளோ, ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே.

பிறந்த பிள்ளை மூச்சுவிடாமல் கிடந்தால் என்ன செய்வது என்று மேட்ரன் அந்தப் பொம்மையை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார். வாயைத் துடை, முதுகைத் தேய், வெந்நீரில் முக்கு, பச்சைத் தண்ணீரில் முக்கு, மறுபடி வெந்நீர். இப்போது வேறு மாதிரி செய்கிறீர்கள், சிரிக்காதீர்கள். எங்களுக்கு அன்று அதுதான் வேதம். முக்கி முக்கி உமி ஊறி, பொம்மை ஒரு மூட்டை கனம் கனத்தது. என் கை விட்டுப்போயிற்று. "போதுமாம்மா?" என்று பல்லைக் காட்டினேன். மேட்ரன் அம்மா சிரிக்கிற ஜாதி இல்லை. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "பொம்மை அழுதா வந்து சொல்லு. அதுவரைக்கும் நிறுத்தாதே."

நார்த்தாமலையில் கேஸ் வேட்டை

அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரிப் பிரசவம் என்றாலே ஜனங்களுக்குக் கிலி. வீட்டில் பார்த்து, பக்கத்து ஊர் மருத்துவச்சியும் பார்த்து, கடைசியில்தான் வண்டி கட்டுவார்கள். அதனால் எங்களுக்குக் கேஸ் கிடைப்பது குதிரைக் கொம்பு. பைத்தியம் முற்றிப்போய், தெருவில் எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் முகத்தைப் பார்க்கமாட்டோம், வயிற்றைத்தான் பார்ப்போம். உங்களுக்கும் அந்த வியாதி இருந்திருக்கும், மறைக்காதீர்கள்.

நார்த்தாமலை மாரியம்மன் திருவிழாவில் காலரா ஊசி போட எங்களை அனுப்பினார்கள். பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. ஊசிக்குப் பயந்து ஜனங்கள் ஓட, நான் தட்டும் கையுமாகப் பின்னால் ஓடினேன். வேப்ப மரத்தடியில் ஓடமாட்டாமல் ஒரு அம்மாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நல்ல பெரிய வயிறு. எனக்கு வாயெல்லாம் பல். ஊசியை மறந்துவிட்டு, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "எத்தனாவது மாசங்க? வலி எடுத்தா நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க, காமாட்சின்னு கேளுங்க, நான் பாத்துக்கிறேன்" என்று குழைந்தேன். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு ஏப்பம் விட்டார். "உள்ள இருக்கிறது மாவெளக்கும் பானகமும்தான் ஆத்தா. அதுக்கும் நீதான் பிரசவம் பாப்பியாக்கும்?"

"அண்ணி!"

பரீட்சைக்குப் பெயர் கொடுக்கும் நாள் நெருங்கிவிட்டது. எனக்கு இன்னும் ஒரு கேஸ் குறைந்தது. அன்று காலை ஒரு கூண்டு வண்டி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் என் அத்தை, அதாவது என் மாமியார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி என் நாத்தனார் மீனாள். அவளுக்குப் பின்னால், காதில் தண்டட்டி ஆட, அவளுடைய மாமியார்.

நான் துணி வைக்கிற அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். மீனாள் கல்யாணத்தன்று நெல் வைத்திருக்கும் அறையில் உட்கார்ந்து, மேளச் சத்தத்தை மட்டும் கேட்டவள் நான். அத்தைதான் அங்கே இருக்கச் சொன்னார். இலையும் அவரே கொண்டுவந்து போட்டுப் பரிமாறினார், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகும் பார்த்ததில்லை. வருத்தம்தான், ரொம்ப வருத்தம். இப்போது அந்த மீனாளின் தலைப்பிரசவத்தில் நான் கை வைத்து ஏதாவது ஆகிவிட்டால், அவள் மாமியார் அவளை ஆயுசு முழுக்கக் குத்திக்காட்டியே கொன்றுவிடுவார். மேட்ரன் வந்து கதவைத் திறந்தார். "ஞானம் பாக்கட்டும்மா" என்றேன். "அவளுக்கு வேண்டியது முடிஞ்சாச்சு. நீ போய்க் கையைக் கழுவு" என்றார்.

உள்ளே மீனாள் என்னைப் பார்த்தாள். என் மணிக்கட்டைப் பிடித்தவள் விடவே இல்லை. "அண்ணி! போயிராதீங்க அண்ணி!" ஒவ்வொரு வலிக்கும் அண்ணி, அண்ணி என்று அவள் போட்ட கூச்சல் தாழ்வாரம் முழுக்கக் கேட்டிருக்கும். "மெதுவா மீனா" என்றால் கேட்கிற நிலையிலா இருந்தாள்? உச்சி வேளையில் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. நீலம் பாரித்து, அழாமல், துணி மாதிரி என் கையில் தொங்கியது. வாயைத் துடைத்தேன், முதுகைத் தேய்த்தேன், வெந்நீரில் முக்கினேன், பச்சைத் தண்ணீரில் முக்கினேன், மறுபடி வெந்நீர். நான் நிறுத்தவில்லை. திடீரென்று பிள்ளை ஒரு தும்மல் மாதிரி போட்டது. அப்புறம் அழுதது பாருங்கள், அடேயப்பா! நானும் கூடவே அழுதேன், வெட்கமில்லாமல்.

பிள்ளையைச் சுற்றி எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தேன். மீனாளின் மாமியார் கை நீட்டவில்லை. என்னைப் பார்த்தபடியே என் அத்தையிடம் கேட்டார்: "ஒங்க மக அண்ணி அண்ணின்னு கத்துனாளே, யாரது? அவளுக்கு இருந்தது ஒரே அண்ணன். அவரும் போயிட்டாரு. அப்ப இந்தப் பொண்ணு…?" தாழ்வாரத்தில் இருந்த அத்தனை பெண்களும் திரும்பினார்கள். முடிந்தது, இனி இந்த வார்டில் ஒருத்தியும் என்னைத் தொட விடமாட்டாள் என்று நினைத்தேன். பிரசவம் முடியும்வரை கதவுத் திரைக்குப் பின்னால் நின்று நடந்ததையெல்லாம் பார்த்திருந்த அத்தை முன்னால் வந்தார். என் முகத்தை நேராகப் பார்த்தார். பிறகு சம்பந்தி பக்கம் திரும்பினார். "ஆமா சம்பந்தி, எம் மருமகதான். மூச்சில்லாம வந்த புள்ளைக்கு மூச்சுக் குடுத்தவ இவதான். வேணாமுன்னா இப்பவே சொல்லிட்டுப் போங்க, எம் பேரன நான் வளத்துக்கிறேன்!"

வண்டியை விட்டு இறங்காதவள்

வார்டில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். சம்பந்தியம்மாள் பேரனை வாங்கிக்கொண்டார், ஆனால் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் திருச்சிராப்பள்ளிக்குப் போய்ப் பரீட்சை எழுதினேன். பிள்ளை அழாவிட்டால் என்ன செய்வாய் என்று வாய்மொழிப் பரீட்சையில் கேட்டார்கள். நான் சொல்லச் சொல்ல எனக்கே கண் கலங்கிவிட்டது. தேறினேன். சர்டிபிகேட்டும் கையுமாக அதே வார்டுக்கே வேலைக்கு வந்தேன்.

அடுத்த வருஷம் அதே கூண்டு வண்டி, அதே தண்டட்டி. சம்பந்தியம்மாள் தன் சின்ன மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வந்திருந்தார். ஞானம் ஓடிப்போய்க் கை கொடுத்தாள். அந்த அம்மாள் அவளை விலக்கிவிட்டு, தாழ்வாரம் வரைக்கும் கேட்கும்படி குரல் கொடுத்தார்: "நீ இரு தாயி. எங்க மருமகளோட அண்ணி, அந்தக் கைராசிக்காரப் பொண்ணு எங்க? அவ வந்து கூப்பிட்டாத்தான் எம் மக வண்டிய விட்டு எறங்குவா!"

சகோதரிகளே, என் சர்வீஸ் முழுக்க நான் கண்டது இதுதான்: வெள்ளைச் சேலையை வீட்டில் உடுத்தினால் அபசகுனம், ஆஸ்பத்திரியில் உடுத்தினால் கைராசி, இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் கொஞ்சம் கஞ்சி.