மூன்றாம் எண் சட்டைக்குப் பத்தொன்பதாம் இடம்

அடுத்த பருவத்துக்கு யாரை வைத்துக்கொள்வது என்று பேசிய அந்தக் கூட்டத்தில் பயிற்றுநர் இருந்தார், அணியின் மேலாளர் இருந்தார், மடிக்கணினியோடு நான் இருந்தேன். யாரைப் பற்றிப் பேசினோமோ அவர் இல்லை. ஆறு பருவங்களாக அவருக்குப் பின்னால் நின்று கோலைக் காத்தவரும் இல்லை. அவர்களைக் கூப்பிட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

அரங்கத்தின் இருக்கைப் படிகளுக்குக் கீழே உள்ள அறை அது. ஏர்கானிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு பிஸ்கட் டின் வைத்திருப்பார்கள். கூட்டம் நடக்கும்போதெல்லாம் அது டொக், டொக் என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

எங்கள் வீட்டில் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கிய முதல் ஆள் நான். அப்பா இரவு வேலையில் பஸ் கழுவுகிறார். காற்பந்துக் கிளப்பில் ஆட்டங்களைப் பார்த்துக் குறிப்பெடுக்கும் வேலை கிடைத்தபோது, "பந்து விளையாடுறதப் பாக்குறதுக்குச் சம்பளமா? கூடவே கொறிக்கக் கச்சாங் கடலையும் வாங்கிக் குடுப்பாங்களா?" என்று கேட்டார். வேலை அவர் நினைத்ததுபோல இல்லை. மேல் படியில் கேமராவை நிறுத்தி, பந்து போகும் பக்கமெல்லாம் திருப்பிப் படம் பிடிப்பேன். பிறகு தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்து, யார் பந்தைக் கொடுத்தார், யார் பறித்தார், யார் தலையால் முட்டினார் என்று நிறுத்தி நிறுத்திப் பதிவேன். ஓர் ஆட்டத்துக்கு இரண்டு நாள் ஆகும். முடியும்போது கண் எரியும், கழுத்து திரும்பாது.

எப்போதும் ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பேன். பகலில் அப்பா கூடத்தில் தூங்குவார் என்பது ஒரு காரணம். பாலிடெக்னிக்கில் சொல்லிக்கொடுத்தது இன்னொன்று: வர்ணனையாளரின் குரல் நம் கண்ணை இழுத்துவிடும், ஆகவே ஒலி வேண்டாம். அதை நான் ஒரு விரதம்போலக் கடைப்பிடித்தேன். நான் எடுத்த படங்களில் வர்ணனையாளரே கிடையாது என்பதை யோசிக்கவில்லை.

மூன்றாம் எண் சட்டைக்காரர் நடுத் தற்காப்பில் ஆடுபவர், வயது முப்பத்து நான்கு. நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கூட்டத்துக்கு முந்தின வாரம் தேக்கா சந்தையில் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துத் தேநீர்க் கடைக்கு இழுத்துப்போனார்.

"என்ன தம்பி, உன் கம்ப்யூட்டர்ல நான் எத்தனாவது?"

"இன்னும் முடியலண்ணே."

"பாத்துப் போடு லா. இன்னும் ஒரே ஒரு சீசன் போதும். கோச்சிங் கோர்ஸ் பாதியில நிக்குது. கிளப்புல இருந்தாத்தான் அவங்க ஃபீஸ் கட்டுவாங்க."

"நம்பர் பொய் சொல்லாதுண்ணே."

"படிச்சவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சிரித்துவிட்டு இரண்டு தேநீருக்கும் அவரே காசு கொடுத்தார்.

என் பட்டியலில் இருபத்திரண்டு பேர். அவருக்குப் பத்தொன்பதாம் இடம். பந்தைப் பறித்தது குறைவு, இடைமறித்தது குறைவு, ஓட்டத்தில் எல்லாருக்கும் பின்னால்.

கூட்டத்தில் மேலாளர் தாளைத் தள்ளி வைத்துப் பார்த்தார். "அவரு ரொம்ப வருஷமா ஆடுறாரு தம்பி. நல்லாப் பாத்தீங்களா?"

"எல்லா ஆட்டத்தையும் ரெண்டு தடவ பாத்தேன் சார்."

அது உண்மைதான். அந்த ஆண்டுதான் வந்திருந்த பயிற்றுநர் வேறு எதுவும் கேட்காமல் அண்ணன் பெயர்மேல் பேனாவால் ஒரு கோடு போட்டார். அடுத்த வாரம் என் வேலை நிரந்தரமானது. அறிக்கை நன்றாக இருந்ததாம். வீட்டுக்கு லட்டு வாங்கிப்போனேன்.

அலமாரியைக் காலிசெய்ய வந்த அன்று அண்ணன் எனக்குக் கைகொடுத்தார்.

"கடைசியில எத்தனாவது?"

"பத்தொன்பது."

"பரவால்லயே. எனக்குக் கீழ இன்னும் மூணு பேரு இருக்கானுங்களா?"

அவர் சிரித்தார்.

அவர் இடத்துக்கு இருபத்து மூன்று வயதுக்காரர் ஒருவர் வந்தார். நல்ல வேகம். என் கணக்கில் ஐந்தாம் இடம். தொடக்க ஆட்டங்கள் ஒழுங்காகப் போயின. பிறகு கடைசிக் கால் மணி நேரத்தில் கோல் விழத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள்மீது தவறு. நானும் சளைக்காமல் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு கழித்தல் குறி போட்டேன்.

ஒருநாள் பயிற்சி முடிந்து கோல்காவலர் என்னிடம் வந்தார். கழுத்தில் சிலுவைச் சங்கிலி, குரல் கட்டிப்போயிருந்தது.

"நீதான அண்ணனுக்கு மார்க் போட்டவன்?"

"ஆமா."

"எனக்கு முன்னாடி நாலு பேரு ஊமை மாதிரி நிக்கிறானுங்க. கத்திக் கத்தி என் தொண்ட போச்சு. ஞாயித்துக்கிழம பூசையில பாட்டுப் பாட முடியல. நான் கோல்ல நின்னு கத்துனா அவனுங்களுக்குக் கேக்காது. அவரு நடுவுல நின்னு சொல்லுவாரு."

"என்ன சொல்லுவாரு?"

அவர் கையுறையைக் கழற்றினார். "நீ கேட்டதே இல்லையா?"

அன்று அப்பாவுக்கு விடுமுறை, கூடத்தில் விழித்திருந்தார். பழைய ஆட்டம் ஒன்றைப் போட்டு, முதன்முறையாக ஒலியைத் திறந்தேன். காற்று, பாதிக் காலி இருக்கைகளிலிருந்து சில கைத்தட்டல்கள். பிறகு அந்தக் குரல். பந்து மறுகோடியில் இருந்தது, அதனால் படத்தில் அவர் இல்லை. குரல் மட்டும் ஓயாமல் வந்தது. பொறு என்பதற்கு மலாயில் "துங்கு, துங்கு!" பிறகு "ஏறு, ஏறு!" பிறகு, "ரைட்ல ரெண்டடி வா, அங்கதான் குடுப்பான்!" வலது தற்காப்பாளர் இரண்டடி நகர்ந்தார். பந்து நேராக அவர் காலுக்கே வந்தது. அந்த இடைமறிப்பை நான் வலது தற்காப்பாளர் பெயரில் எழுதியிருந்தேன்.

அப்பா தலையைத் தூக்கினார். "யாருப்பா அது, ஒரே ஆளு விடாம கத்திக்கிட்டே இருக்கான்? ரெஃப்ரியா?"

"இல்லப்பா. நான் பத்தொன்பதாவதாப் போட்ட ஆளு."

"ஓ" என்றார்.

பருவம் முடியும்வரை இரண்டு ஆண்டு ஆட்டங்களையும் ஒலியோடு மறுபடி பார்த்தேன். யாரும் பார்க்கச் சொல்லவில்லை. தூக்கமும் சரியாக வரவில்லை. இந்தப் பருவத்தின் ஐந்து ஆட்டங்களில் ஒரே கதை. எதிரணி ஆள் நழுவுகிறான், நான்கு பேரும் பார்க்கிறார்கள், யாரும் வாய் திறக்கவில்லை. பழைய படங்களில் அதே மாதிரி இடங்களில் அவர் குரல் முந்திக்கொள்கிறது.

மறுபடியும் அதே அறை, அதே பிஸ்கட் டின், அதே மூன்று பேர். மேலாளர் அண்ணனைத் திரும்பக் கூப்பிடப் போன் செய்து பார்த்திருக்கிறார். ஃபேரர் பார்க்கில் ஒரு கடைக்கு வேன் ஓட்டுகிறாராம். ஓட்டப் பயிற்சியை விட்டு எட்டு மாதம் ஆகிறது, இனி உடம்பு வராது, கோர்ஸையும் விட்டாச்சு என்று சொன்னாராம். கோபமாகப் பேசவில்லையாம்.

பயிற்றுநர் என் தாளைப் புரட்டினார். அறிக்கையில் கடைசி வரியை நான் எழுதாமல் விட்டிருந்தேன். அந்தக் குரல் இல்லாததால் மொத்தம் எத்தனை புள்ளிகள் போயின என்று கேட்டார்.

இரண்டு வெற்றிகள் சமநிலையாயின என்றேன். ஒரு வெற்றி தோல்வியானது. இரண்டு சமநிலைகள் தோல்வியாயின. ஒன்பது புள்ளிகள்.