மீன் தொட்டியில் கரைத்த வெல்லம்

இன்று வளர்ப்பு மீன் கடை கவுண்டரில்...

"ஏஞ்சல் கூட டைகர் பார்ப் வுடலாம் சார், ஒண்ணியும் ஆவாது" என்றார் கடைக்காரர்.

ஆகும். எனக்குத் தெரியும். அந்தத் தப்பை எழுபதுகளிலேயே முழுசாகச் செய்து முடித்தவன் நான்.

அப்போது திருவள்ளூருக்கு வெளியே ஒரு சின்ன ஃபேக்டரியில் வேலை. வீடு பெருமாள் கோயில் பக்கத்துத் தெருவில். அப்பாவுக்குக் கோயில் கைங்கர்யம். அப்படிப்பட்ட வீட்டுக்குள், சென்னையிலிருந்து ரயிலில் மடியில் வைத்து ஒரு மீன் தொட்டியைக் கொண்டுவந்து இறக்கினேன்.

நீளத் துடுப்போடு நிதானமாக நீந்துகிற ஏஞ்சல் இரண்டு, குட்டிக் கப்பி நாலு, வரி போட்ட துறுதுறு டைகர் பார்ப் மூன்று. மொத்தம் ஒன்பது. (எதற்கு எது ஆகும் என்று பார்த்து வாங்கவில்லை. கலர் மேட்சிங் பார்த்து வாங்கினேன்.)

அப்பா ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். "நம்மை நம்பி வந்த ஜீவன்டா. ஒண்ணு செத்தாலும் மீதியை அன்னிக்கே திருப்பிக் கொடுத்துடணும். தொட்டி இந்த ஆத்துல இருக்கப்படாது."

தினமும் மதியம் கோயிலிலிருந்து வந்ததும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

அம்மா இன்னொரு கண்டிஷன் போட்டாள். "புழு கிழு எதுவும் உள்ள வரப்படாது."

ஆகவே என் மீன்கள் சைவம். மசித்த கீரை, வேகவைத்த பட்டாணி. கப்பிகள் ஏதோ கொறித்தன. பார்ப்கள் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

ஃபேக்டரியில் என் பக்கத்து மிஷின் எல்லப்பன். பழவேற்காட்டு மீனவர் வீட்டுப் பிள்ளை. ஸ்டேஷன் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். என் தொட்டிக் கதையைக் கேட்டதும் சிரித்தான்.

"இன்னா சாமி, மெதுவா போறதும் விர்ருனு போறதும் ஒரே தொட்டில கீதா? அதுல விர்ருனு போறது பட்டினி வேற. பக்கத்துல தொங்குறத கடிக்காம இன்னா பண்ணும்?"

"நீ பிடிக்கிறவன், எல்லப்பா. நான் வளர்க்கிறவன்" என்றேன். (அந்த வயதில் வாய்க்கு மட்டும் குறைச்சலே இல்லை.)

பத்தே நாள். பெரிய ஏஞ்சலின் நீண்ட துடுப்பு, எலி கடித்த துணி மாதிரி ஆகிவிட்டது. கடிபட்ட இடத்தில் பஞ்சு மாதிரி வெள்ளை படர்ந்தது. அம்மா கண்ணாடி ஓரம் போனால் ஓடி வருகிற மீன் அதுதான். இப்போது மூலையில் சாய்ந்தே நின்றது.

சனிக்கிழமை எனக்கு ஓவர்டைம். ஞாயிறு காலை எழுந்து பார்த்தால் தொட்டித் தண்ணீர் பழுப்பாக, கலங்கலாக இருந்தது. ஒன்பது மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"அம்மா, இதுல என்ன போட்டே?"

"வெல்லம்."

எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: நோய் தீர வேண்டும் என்றால் கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பது இங்கே வேண்டுதல். வெல்லம் கரைகிற மாதிரி நோயும் கரையும்.

"அதைக் குளத்துக்குத் தூக்கிண்டா போக முடியும்? அதான் அது இருக்கற தண்ணியிலேயே கரைச்சேன்" என்றாள் அம்மா. கண்ணில் நீர் நின்றது. எப்படித் திட்டுவது?

அப்பா வர நாலு மணி நேரம் இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு எல்லப்பன் ரூமுக்குப் பறந்தேன். பின்னால் உட்கார்ந்து வந்தவன், எங்கள் வாசலில் இறங்கியதும் படி ஏறாமல் அங்கேயே நின்றுவிட்டான்.

அம்மாவுக்குப் புரிந்தது. "மீன் மூச்சு வாங்கறது, வாசல்ல என்ன நிக்கறே? உள்ள வாப்பா."

வந்தான். தொட்டியைப் பார்த்தான்.

"இன்னா சாமி, மீனுக்குப் பாயாசம் வெச்சிக்கினு கீற?"

பாதித் தண்ணீரை வெளியேற்றினோம். அண்டாவில் இருந்த கிணற்றுத் தண்ணீரை மெதுவாக ஊற்றினோம். மூன்று பார்ப்களையும் பெரிய கண்ணாடி ஜாடிக்குத் தனிக்குடித்தனம் அனுப்பினான். பிறகு ஒரு கைப்பிடி கல் உப்பைத் தனியாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தான்.

"எங்கூரு ஏரில புண்ணு பட்ட மீனு உப்புத் தண்ணி பக்கமா ஒதுங்கும், நான் பாத்துக்கீறேன். யம்மா, சொம்புல மொண்டு மொண்டு ஒசரத்துலேர்ந்து ஊத்திக்கினே இருங்க. காத்து உள்ள போவணும்."

அம்மா பெருமாளுக்குத் திருமஞ்சனம் செய்கிற பக்தியோடு ஊற்றினாள். கை மாற்றி நான் ஊற்றினேன். மறுபடி அவள்.

பதினொன்றரை மணிக்கு மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. பெரிய ஏஞ்சல் கடைசியாக இறங்கியது.

அப்பா வந்தார். தொட்டியை எண்ணினார். ஜாடியை எண்ணினார். ஒன்பது. சாப்பிட உட்கார்ந்தார்.

ஒரு வாரத்தில் வெள்ளை உதிர்ந்தது, துடுப்பு வளர ஆரம்பித்தது. பார்ப்களுக்குக் கொல்லைத் தொட்டியில் இருந்த கொசுப்புழுவைக் கொடுக்க அம்மாவே சம்மதித்தாள். ("அது வெளியிலேர்ந்து வரலையே, நம்மாத்துலயே பொறந்ததுதானே.")

அன்றிலிருந்து இன்றுவரை என் தொட்டியில் சாந்தமானதோடு சாந்தமானதுதான். இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவுக்கு மேல் ஒரு துணுக்குத் தீனிகூடப் போடுவதில்லை.

ஒருநாள் சும்மா சீண்டினேன். "பார்த்தியாம்மா? உன் வெல்லம் கவிழ்த்தது, எல்லப்பன் உப்புதான் காப்பாத்தித்து."

அம்மா அசரவே இல்லை. "கோயில்ல வெல்லம் மட்டுமாடா போடறோம்? உப்பும் மிளகும் சேர்த்துதானே வேண்டுதல்? நான் பாதி போட்டேன், அவன் மீதி போட்டான்."

இதை எல்லப்பனிடம் சொன்னேன். "அப்டினா பாதிப் புண்ணியம் நம்மள்தும் கீது சாமி. அம்மாகிட்ட மறக்காம சொல்லு" என்றான்.

சொன்னேன். அடுத்த சனிக்கிழமை கோயில் வாசலில் அம்மா உப்பு மிளகுப் பொட்டலம் இரண்டு வாங்கினாள், ஒன்று எல்லப்பன் பேருக்கு.