டிரைவர் சீட்டில் ஒரு மூச்சு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில். என் அக்காவின் முழங்கையில் கண்ணாடி கிழித்த தழும்பு இன்னமும் இருக்கிறது.

அக்கா வீட்டுக்காரர், அதாவது என் மாமா, கார் எஞ்சின்களை ட்யூன் செய்கிறவர். மாமா ஸ்பேனர் பிடிப்பார். அக்கா லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு எண்களை வாசிப்பாள். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு.

அன்று காலை ஒரு பெண் சிவப்புக் கார் ஒன்றைக் கொண்டுவந்து விட்டாள். "அண்ணன் வண்டி. ரொம்ப நாளா ஓட்டலை. விக்கணும். ஓடற மாதிரி ஆக்கிக் குடுங்க." சாவியை மேஜைமேல் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

மூன்று ஜன்னல் கண்ணாடிகள் கீறல் விழுந்து மங்கியிருந்தன. டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் கண்ணாடி மட்டும் பளபளவென்று புதுசு. மாமா அதைக் கவனித்தார். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எஞ்சின் பெட்ரோலைச் சரியாக எரிக்கிறதா என்று பதிவு செய்ய, புகைக்குழாயில் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரைப் பொருத்த வேண்டும். அதற்கு முன்னால் அதைச் சுத்தமான காற்றில் தொங்கவிட்டுப் பார்ப்பது வழக்கம். காற்றில் எப்போதும் இருக்கிற ஆக்சிஜன் அளவு, 20.9 சதவீதம், காட்டினால் சரி. வெளியே மழை, கொதிக்கும் சென்சாரில் ஒரு துளி விழுந்தாலும் அது காலி. பட்டறைக்குள் பெட்ரோல் வாடை, அளவு தப்பாகக் காட்டும். மழை விடட்டும் என்று மாமா காத்திருக்கலாம். காத்திருக்கவில்லை. காருக்குள்ளேயே, டிரைவர் சீட்டின் தலைப்பக்கம் தொங்கவிட்டார். கரண்ட் தனி பேட்டரியிலிருந்து. கார் சாவி சுவர் ஆணியில். அக்கா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். மாமா வெளியே நின்றார்.

மணி மூன்று பத்து.

"இருபது புள்ளி ஒன்பது," என்று அக்கா வாசித்தாள். "ஐயோ, பதினேழு... மறுபடி இருபது... பதினேழு."

"அது மேல மூச்சு விடாதடி!"

"ஆமா, அதுக்கு முத்தம் குடுக்கறேன் பாருங்க. நான் இந்தப் பக்கம்ல இருக்கேன்!"

மாமா டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, வேறு சென்சார் மாற்றிச் சாத்தினார். அதே கதை. திரையில் கோடு இறங்கியது. ஏறியது. நாலு நொடிக்கு ஒருமுறை... சீராக... ஒரு ஆள் மூச்சு விடுகிற மாதிரி.

"ஒரு நிமிஷம் மூச்சை அடக்கேன்."

அக்கா கன்னத்தை உப்பிக்கொண்டு அடக்கினாள்.

கோடு இறங்கியது.

ஏறியது.

அக்காவின் முகத்தில் சிரிப்பு செத்தது. "என்னங்க... அந்தக் கண்ணாடியைப் பாருங்க."

டிரைவர் பக்கக் கண்ணாடியின் உள்புறம் உள்ளங்கை அகலத்துக்குப் பனி படிந்திருந்தது. சுருங்கியது. விரிந்தது.

"இறங்கு. இப்பவே இறங்கு!"

டக்.

நாலு கதவும் பூட்டிக்கொண்டன.

மாமா ஓடிப்போய்ச் சாவியை எடுத்துவந்தார். நுழைந்தது. திரும்பவில்லை.

உள்ளே அக்கா இன்னமும் வாசித்துக்கொண்டிருந்தாள். அவள் குரல் போலவே இல்லை.

"பதினாலு... பதினொண்ணு... தூக்கமா வருதுங்க..."

அவள் தலை மெல்லச் சாய்ந்தது. காலி சீட்டின் பக்கமாக.

கீழே விழவில்லை.

காற்றில்... யாரோ தோள் கொடுத்த மாதிரி... அப்படியே நின்றது.

பெரிய ஸ்பேனர். ஒரே அடி. அக்கா பக்கத்துக் கண்ணாடி சிதறியது. மாமா அவளை ஜன்னல் வழியாகவே இழுத்துப் போட்டார்.

அக்கா பிழைத்துக்கொண்டாள். ஆனால் ஆஸ்பத்திரியில் டாக்டர் மாமாவைத் திட்டித் தீர்த்துவிட்டார். "படிச்சவர்தானே? மூடின காருக்குள்ள ஆளை வெச்சுக்கிட்டு எஞ்சினை ஓட விடுவாங்களா? ரத்தம் பூரா வண்டிப் புகை!"

அந்த எஞ்சினை மாமா அன்று ஒரு தடவைகூட ஸ்டார்ட் செய்யவில்லை.

மறுநாள் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டார். நடந்தது எதையும் சொல்லவில்லை. "மன்னிச்சுக்கங்கம்மா, ஒரு கண்ணாடி உடைஞ்சு போச்சு. மாத்திக் குடுத்துடறேன்."



"பக்கத்து சீட்டுக் கண்ணாடியா?"

"ஆமா... உங்களுக்கு எப்படி..."

"மூடின ஷெட்டுக்குள்ள, அண்ணியைப் பக்கத்துல உக்கார வெச்சு, அண்ணன் எஞ்சினை ஓடவிட்டு, கதவைப் பூட்டிக்கிட்டார். அண்ணி அந்தக் கண்ணாடியை உடைச்சுத்தான் வெளியே வந்தாங்க. அண்ணன் வரலை, டிரைவர் சீட்டுலயே போய்ட்டார்."



அவள் குரல் தாழ்ந்தது.

"சார்... அந்த சீட்டுல யாராவது பொம்பளை உக்காந்தாங்களா?"